உன் டிஸ்க்கின் அடையாள எண்

எடா,

மேசை இழுப்பறையிலிருந்து உன் ஹார்டு டிஸ்க்கை எடுத்தேன். மேல் மூடியில் பழம்பொரி எண்ணெயோடு உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. தின்ற கையைத் துடைக்காமல் எதையும் தொடாதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! இன்று அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குக் கல்யாணம். கைக்குழந்தையாக இருந்தவளை மடியில் வைத்து நீ தப்புத் தாளத்தில் பாடும் வீடியோ, தோப்பும்படி மண்டபத்துத் திரையில் ஓட வேண்டுமாம். "அதுக்கென்ன மோளே, செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நம் மட்டாஞ்சேரி ஸ்டூடியோவில் நான் வெறும் கேமராக்காரன். லினக்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்ததும் டிஸ்க்குகள் தாமாக இணையும்படி எழுதி வைப்பதெல்லாம் உன் வேலை. நீ போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிய புதுக் கம்ப்யூட்டருக்கு உன் டிஸ்க்கைத் தெரியவே தெரியாது.

அந்த வேலையில் நாம் பட்ட மானக்கேடு நினைவிருக்கிறதா? முதலில் வருவது கல்யாண டிஸ்க், இரண்டாவது மற்றது என்று வரிசையை நம்பி எழுதியிருந்தாய். நான் மேசையைத் துடைத்துவிட்டு வயர்களை மாற்றிச் செருகிவிட்டேன். மண்டபத்தில் ஜோடி மாலை மாற்றி நிற்க, பின்னால் திரையில் வேறொரு வீட்டுக் காதுகுத்து! மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மாப்பிள்ளையின் மாமா எழுந்து, "கல்யாணம் இப்பத்தானே கழிஞ்சது! அதுக்குள்ள குட்டியா?" என்றார். நல்லவேளை, மணப்பெண்ணே முதலில் சிரித்துவிட்டாள்.

நீ என்னைத் திட்டவே இல்லை. "நீ மாத்திக் குத்தினே, சரி. வரிசையை நம்பினது நானாக்கும்" என்றாய். மறுநாள் சாயா ஆறிப்போகும்வரை உட்கார்ந்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய, எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட அடையாள எண்ணைத் தேடி எழுதினாய். "இனி எங்கே குத்தினாலும் ஆள் மாறாது."

இன்று உன் டிஸ்க்கின் எண்ணை நானே தேடி எழுதினேன். முதல் தடவை ஓர் எழுத்து தவறி, கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. திருத்திவிட்டு மறுபடி திறந்தேன். நீ வந்தாய், அதே தப்புத் தாளத்தோடு. சிரித்துக்கொண்டே அழுதேன், போ.

டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் நிற்காமல் திறக்கட்டும் என்று வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்ப்பாயே, அந்தப் பழக்கம் இப்போது என் கைக்கும் வந்துவிட்டது. மற்ற எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்துவிட்டேன். உன்னுடையதற்கு மட்டும் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வராமல் எதுவும் திறக்கக் கூடாது.