வெட்டச் சொன்ன ஏழு நிமிடம்

செவ்வாய், மாலை

ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருக்கும் என் கணவருக்கு,

இங்கே நலம். நேற்று போனில் நீங்கள் கத்தியதைக் கேட்டால் அங்கேயும் நலம் என்றுதான் தெரிகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "சரி சரி, ஒத்திகைக்குக் கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை நீங்கள் பாதியில் வைத்தாலும் மீதி அதே தாளில்தான் இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது. அதனால்தான் உங்கள் குழு மேனேஜரிடம் அடுத்த ஊர் விடுதியின் முகவரியை வாங்கி எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. தண்ணீர் மோட்டார் மறுபடியும் படுத்துவிட்டது. மெக்கானிக் தினமும் "இதோ கிளம்பிட்டேன்" என்கிறார். எங்கிருந்து கிளம்புகிறார் என்றுதான் தெரியவில்லை. மகளுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. புதுக் கண்ணாடியைப் போட்டதும் என்னை உற்றுப் பார்த்து, "அம்மா, உனக்கு இவ்ளோ நரைமுடியா" என்றாள். இருக்காதா பின்னே.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் "ஒத்திகை நேரம்" ரேடியோ நிகழ்ச்சியை நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. அதனால் அது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாரம் அரை மணி நேரம் நாடகக்காரர்களும் நடனக்காரர்களும் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் நிலைய அதிகாரி இன்றைக்கும் "ரேடியோவுல டான்ஸா? அடுத்தது என்ன, போன்ல சாப்பாடா?" என்று சிரிப்பார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நடிகர்கள் கடைசி வரிசைக்குப் பேசிப் பழகியவர்கள். ஒரு சாண் தூரத்தில் மைக் இருப்பதை மறந்து முழங்குவார்கள், ஒலிப்பதிவுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். நடனக்காரர்களிடம் "அந்த இடத்துல என்ன பண்ணீங்க" என்று கேட்டால், "இப்படிப் பண்ணேன்" என்று கையைத் தூக்கிக் காட்டுவார்கள். உடனே நான் பந்தய வர்ணனைக்காரி மாதிரி, "இப்போ இடது கை தோளுக்கு மேல போகுது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் கொக்கைக் கூப்பிட்டேன். ஆமாம், உங்கள் குழுவில் எல்லோரும் கொக்கு என்று கூப்பிடும் அதே நெட்டைக் கால் நடனக்காரியைத்தான். வம்புக்காகக் கூப்பிடவில்லை. முட்டி வலியால் அவளால் பயணம் வர முடியவில்லை, வேறு பெண்ணைப் போட்டிருக்கிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பாவம், சும்மா உட்கார்ந்திருப்பாள், வந்து பேசினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன்.

அதனால் என் முதல் கேள்வியே அதுதான். "முட்டி வலி இப்போ எப்படி இருக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எந்த முட்டி? எனக்கு முட்டி வலின்னு யாருக்கா சொன்னா?" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக்காரர் தலையைத் தூக்கினார். கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. கையிலிருந்த கேள்வித் தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஏதோ மென்று விழுங்கி, "அப்போ ஏன் பயணம் போகலை?" என்றேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். நாடகம் பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்கும் தாளில் 'நடன உதவி' என்று போடாமல், நாடகத்தின் கடைசிக் காட்சியை உருவாக்கியது அவள் என்று போடச் சொன்னாளாம். நீங்கள் "பார்க்கலாம்" என்றீர்களாம். அடுத்த ஒத்திகைக்குப் போனால் அவள் இடத்தில் வேறு பெண் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாளாம்.

பிறகு அந்தக் காட்சியைப் பற்றிப் பேசினாள். ஒரு நடனக்காரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் ஒரு காட்சியைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் சின்ன வயதில் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. அவள் அம்மா மட்டும் ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே போய், கடைசி அறையிலிருந்து தரையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வந்தாராம். "நான் தெருவுல மூட்டையோட நிக்கறேன். எங்கம்மா முதுகுதான் முதல்ல வெளிய வந்துச்சு. ஏம்மா துடைக்கறே, அது இனிமே நம்ம வீடு இல்லியேன்னு கேட்டேன். அழுக்கா விட்டுட்டுப் போனாங்கன்னு ஒருத்தன் சொல்லக்கூடாதுன்னாங்க. அழலைக்கா. கோவம். அந்தத் துணியைப் பிழிஞ்ச பிழியில அவ்ளோ கோவம்."

ஒத்திகையில் நீங்கள் "இங்க ஏதாவது பண்ணு" என்று சொன்னபோது, அவள் அதைத்தான் செய்தாளாம். பதிவில் இவ்வளவும் சேர்த்து ஏழு நிமிடம்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவள் அதைச் செய்த அன்றைக்கு நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து, "இன்னிக்கு ஒரு பொண்ணு ஒண்ணு பண்ணா பாரு, எனக்குப் பேச்சே வரலை" என்றீர்கள். என் கைத்துணியைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து செய்தும் காட்டினீர்கள். அதே காட்சி, முதல் மேடையேற்றத்தில் "நான் வச்ச காட்சி" ஆனது. பத்திரிகைப் பேட்டியில் "பல வருடமாக என் மனதில் இருந்த காட்சி" ஆனது. இன்னும் இரண்டு ஊர் போனால் உங்கள் அம்மாதான் தரை துடைத்தார் என்று சொல்வீர்களோ என்னவோ.

யார் உங்கள் காதில் போட்டார்களோ, நேற்று போன் செய்து "அந்த ஏழு நிமிஷத்தை வெட்டிடு" என்கிறீர்கள். காலையில் உங்கள் அக்கா கூப்பிட்டு, "வீட்டு விஷயத்தை ஏம்மா காத்துல விடறே" என்கிறார். இது எப்படி வீட்டு விஷயம் ஆனது? துடைத்தது அவள் வீட்டை.

இதைவிட வயிற்றெரிச்சல் எங்கள் அதிகாரி. என் நிகழ்ச்சியை இத்தனை நாள் ஏறெடுத்தும் பார்க்காதவர், பதிவைக் கேட்டுவிட்டுக் கண் பளபளக்க ஓடி வந்தார். "கணவர் திருடினாரா? மனைவியே கேட்கிறார்!" என்று தினமும் நான்கு தடவை விளம்பரம் போடலாமாம். ஒருவருக்கு வெட்ட வேண்டும், இன்னொருவருக்கு ஊதிப் பெரிதாக்க வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்று இரண்டு பேருமே காது கொடுத்துக் கேட்கவில்லை. எனக்கு வெறுத்துப்போகிறது.

சனிக்கிழமை ஒலிபரப்பு. நான் வெட்டப் போவதில்லை. ஆனால் ஒன்று செய்யலாம். அவள் சொன்னது சரிதான் என்று இரண்டே வரி உங்கள் போனில் பேசி அனுப்புங்கள். நிகழ்ச்சியின் கடைசியில் சேர்த்துவிடுகிறேன். கேட்பவர்கள் உங்களைத் திட்ட மாட்டார்கள். இன்னும் பிடித்துப்போகும்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன்.

உங்கள் மனைவி


திங்கள், மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை "உன் இஷ்டம்" என்று ஒரு செய்தி வந்தது. நான் கேட்ட இரண்டு வரியில் இதைச் சேர்க்க முடியாது.

என் இஷ்டப்படியே செய்தேன். ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. முட்டியைப் பற்றி நான் கேட்டு அசடு வழிந்ததும் அப்படியே போனது. ஆரம்பத்தில் மட்டும் புதிதாகப் பதிவு செய்து, "இந்த நாடகத்தின் இயக்குநர் என் கணவர். இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்" என்று சொன்னேன். விளம்பரம் போட விடவில்லை. அதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இனிமேல் என் நிகழ்ச்சி எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்துக்கு மாறுகிறது. நேயர் வசதிக்காகவாம்.

சண்டை வரும் என்று அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போன்கள் வரத்தான் செய்தன. ஒரு பஸ் டிரைவர் கூப்பிட்டு, காலி செய்த வீட்டில் தான் அடித்த ஆணியை எல்லாம் பிடுங்கி ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். ஒரு நர்ஸ், பழைய வீட்டு ஜன்னலில் திரையை விட்டுவிட்டு வந்ததாகவும், இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போனால் அண்ணாந்து பார்ப்பதாகவும் சொன்னார். எல்லாம் முடிந்ததும் அதிகாரி, "உங்க வீட்டுக்காரரை ஒருத்தர்கூடத் திட்டலையா?" என்று கேட்டார் பாருங்கள், அந்த ஏமாற்றத்தை மேடையில் எந்த நடிகராலும் கொண்டுவர முடியாது.

மகளும் நிகழ்ச்சியைக் கேட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பார்த்தால், கூடத்தில் ஒட்டியிருக்கும் உங்கள் நாடகச் சுவரொட்டியில், உங்கள் பெயருக்குக் கீழே பேனாவால் கொக்கின் பெயரை எழுதியிருக்கிறாள். முழுப் பெயர். வந்ததும் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தப் பெண்ணைத் திட்ட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

ஞாயிறு காலை, கொக்கின் இடத்தில் நீங்கள் போட்டிருக்கும் புதுப் பெண் என்னைக் கூப்பிட்டாள். விடுதியில் உட்கார்ந்து போனில் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறாள். "அக்கா, எனக்கு அவங்க நம்பர் வேணும்" என்று அழுதாள். ஒவ்வொரு காட்சிக்கும் நீங்கள் "இன்னும் அழு, கடைசி வரிசைக்குத் தெரியணும்" என்கிறீர்களாம். அழுது அழுது அவளுக்குக் கண்ணீரே வற்றிவிட்டதாம். நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

கொக்கு முதலில் நன்றாகத் திட்டிவிடலாம் என்றுதான் போனை எடுத்தாளாம். அந்தப் பெண் எடுத்ததுமே, "துணியை எந்தக் கையால பிழியணும்கா?" என்று கேட்டிருக்கிறாள். வேலையைப் பற்றி அப்படி நேராகக் கேட்டால் கொக்கு என்ன செய்வாள்? வலது கை என்று சொல்லிவிட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் சொல்லியிருக்கிறாள். "அழாதே. யாரும் உன்னைப் பார்க்கலைன்னு நினைச்சுக்கோ. மூலையை மட்டும் ரெண்டு தடவை துடை. வாசல் வந்ததும் நிமிராதே, குதிகால் படியைத் தேடட்டும்." சொல்லி முடித்ததும் தனக்கே வாய் வலித்ததாம், கோபம் மட்டும் குறையவில்லையாம்.

அன்று மாலை அந்தப் பெண் அழாமல் செய்தாள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று கொக்கிடம் சொன்னாளாம். நீங்கள் மேடைக்குப் பின்னால் வந்து அவள் தோளைத் தட்டி, "இப்பதான் நான் மனசுல நினைச்ச மாதிரியே வந்துச்சு" என்றீர்களாம்.

இதைச் சொல்லிவிட்டு கொக்கு போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களோடு சண்டை போட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒன்று மட்டும் புரியவில்லை. அவள் அதைச் செய்தபோது அந்த அறையில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். பேச்சு நின்றுபோனது உங்களுக்குத்தான். இதைத் தொடக்கூடாது, இப்படியே வைக்க வேண்டும் என்று கண்டுகொண்டதும் நீங்கள்தான். அந்தக் கண் எத்தனை பேருக்கு இருக்கிறது? அதை வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நிற்கலாமே. அவளுடையதையும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அவளுக்கு முட்டி வலி என்று ஏன் சொல்ல வேண்டும்? மற்றவர்களிடம் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். என்னிடம்?

கடைசி ஊரில் இன்னும் மூன்று காட்சி இருப்பதாக மேனேஜர் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஈரச் சட்டையோடு ஜன்னலோரம் உட்காராதீர்கள். காட்சிகள் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத உட்காராதீர்கள். உங்கள் கையில் பேனா வந்தால் என்னைச் சமாதானப்படுத்த அழகாக எழுதிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். முதலில் அவளுக்கு நான்கு வரி எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டாம். அவளிடமிருந்து எனக்குத் தகவல் வரட்டும். அதற்குப் பிறகு எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் மகளும் நிலையத்துக்கு வருகிறோம்.

தயவுசெய்து எழுதுங்கள்.

நான்