நாடி நாற்பத்தாறு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ மலைக்குப் போய் மூன்று நாளாகிறது. நல்லபடியாகச் சேர்ந்தாயா என்று கேட்கக்கூட வழியில்லை. வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கிற கோச்சை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நம்மில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

நீ கிளம்பும்போது நான் வாசல்வரை வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். எனக்கும்தான். இருபத்துநான்கு வருடமாக உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். காற்று மெலிந்த இடத்தில் சில வாரங்கள் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும், பிறகு கீழே வந்து ஓடினால் மூச்சு தாங்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கூடுகிற அளவு ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்குச் சொல்லும்படி எதுவும் கூடுவதில்லை என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வரியை ஓட்டக்காரர்கள் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

உனக்கு முப்பத்துமூன்று வயதாகிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பயிற்றுநர் வேலை காலியாக இருப்பதைச் சொன்னேன். இருபதாம் தேதி கடைசி நாள். விண்ணப்பம் என் மேசைமேல் இருக்கிறது. வற்புறுத்தவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று செய். தினமும் காலையில் நாடி பார்த்து எழுதுவீர்களாமே, அதை அப்படியே எனக்கும் எழுதி அனுப்பு. எனக்குச் சொல்லைவிட எண்மேல் நம்பிக்கை அதிகம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, உடம்பில் ஒட்டாது.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவரிலேயே உன் திட்டு கேட்டது.

இரண்டாயிரத்து நானூறு மீட்டர் உயரம். ஓர் அறைக்கு இரண்டு பேர். என்னோடு இருப்பவனை எல்லோரும் நெட்டை என்கிறார்கள். கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் கால் நீட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். ஜன்னலைத் திறந்தால் சிவப்பு மண் தடம், அதற்கப்பால் சரிவு. குழாய்த் தண்ணீர் பல்லைக் கழற்றிவிடும்.

நாங்கள் ஏழு பேர். மார்ச் பதினைந்தாம் தேதி கீழே ஊரில் இருபது கிலோமீட்டர் ஓடவைத்து நான்கு பேரை அணிக்கு எடுப்பார்கள். அதுவரை இங்கேதான் சாப்பாடு, தூக்கம், மெதுவோட்டம். மெதுவோட்டம் என்றால் பேசிக்கொண்டே ஓடவேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நெட்டை இதற்கென்றே பிறந்தவன். நேற்று பதினாறு கிலோமீட்டரும் அவன் சின்ன அண்ணனின் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லியே முடித்தான்.

வேகமாக ஓட இந்த உயரத்தில் காற்று போதாது. அதனால் வாரம் இரண்டு நாள் வேனில் கீழே இறக்கி ஓடவைத்து மறுபடி மேலே கொண்டுவருகிறார்கள். உன் கடிதமும் அந்த வேனில்தான் வருகிறது. ஆனால் எல்லோருக்கும் வேனில் இடம் கிடையாது. காலையில் படுக்கையிலேயே நாடி பார்த்து, சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் நாமே எழுதவேண்டும். வீட்டில் இருந்ததைவிட ஆறுக்கு மேல் கூடியிருந்தால் அன்றைக்கு வேன் கிடையாது, நடைதான். என் கணக்கு உனக்குத்தான் தெரியுமே, வீட்டில் நாற்பத்தாறு.

நீ கேட்ட எண்கள், மூன்றாம் நாளிலிருந்து: 47, 46, 46, 47, 46, 46. திருப்தியா? உன் தம்பிக்கு மலை ஒத்துக்கொண்டுவிட்டது.

சாப்பாட்டுக்கூடத்துக்கு நாற்பது படி ஏறவேண்டும். நடுவில் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடுகிறது, நின்று கட்டிக்கொண்டு போகிறேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

விண்ணப்பத்தைக் கிழித்துப்போடு அக்கா. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நெட்டையின் அண்ணன் கல்யாணச் சண்டையை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். எண்களை அவருக்குக் காட்டவில்லை.

அந்த உயரத்துக்குப் போன முதல் வாரம் யாருக்கும் நாடி ஏறும். காற்றில் குறைகிறதை இதயம் அதிகம் அடித்து ஈடுகட்டும். எட்டோ பத்தோ ஏறும், இறங்க இரண்டு வாரமாவது ஆகும். உனக்கு மூன்றாம் நாளே வீட்டில் இருந்த மாதிரி நாற்பத்தாறு. அதுகூடப் போகட்டும், ஆயிரத்தில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு நாளில் ஒன்றுக்கு மேல் ஏறவில்லை, ஒன்றுகூட இறங்கவில்லை. நன்றாகத் தூங்கிய நாளும் புரண்டுகொண்டிருந்த நாளும் ஒரே எண் என்றால் அது இதயம் எழுதியது இல்லை. என் மாணவர்கள் ஆய்வகத்துக்கு வராமலே நோட்டை நிரப்பும்போது இப்படித்தான் இருக்கும்.

உனக்கு லேஸ் கட்டத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. நாற்பது படியை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நிற்கிறாய். அந்த உடம்பை வைத்துக்கொண்டு வேனில் இறங்கி வேக ஓட்டமும் ஓடுகிறாய். இதில் சிவப்பணு கூடாது, நீதான் தேய்வாய்.

நான் சொல்வது தவறு என்றால் எழுது.

அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. வேன் அதற்குள் இரண்டு தடவை இறங்கி ஏறியிருக்கும். எழுத நேரமில்லை என்று நினைத்துக்கொள்ள முயற்சி செய்தேன், முடியவில்லை.

உன் கோச்சுக்கு நான் எதுவும் எழுதவில்லை. முகவரி இருக்கிறது, எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அதைச் சொல்லவேண்டியவன் நீ. நான் சொன்னால் நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்பதற்காக இல்லை. அப்புறம் உனக்கு நீயே சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த எண்களைப் பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது கவலை இல்லை. 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு நிறைவு. ஒரு நிமிடம் இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. சொந்த அக்காவுக்கு வரவேண்டிய வரிசை அதுவல்ல. கடிதத்தில் அந்த நிமிடத்தின் வாடை உனக்கு அடித்திருந்தால், கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு.

அக்கா

மார்ச் 1

அக்கா,

உன்மேல் கோபம்தான். ஒரு வாரம் இருந்தது. நெட்டை கேட்டான், "என்னடா, லெட்டரப் படிச்சதுலேர்ந்து மூஞ்சி தொங்கிப் போச்சு? பொண்ணு வேண்டாம்னுட்டாளா?" என்று. அக்கா என்றேன். "அப்ப இன்னும் மோசம்" என்றான்.

எல்லாம் நீ சொன்னபடிதான். நிஜத்தில் மூன்றாம் நாள் ஐம்பத்தொன்பது. அதை எழுதியிருந்தால் வேன் இல்லை. மற்ற ஆறு பேரும் கீழே போய் ஓடும்போது நான் மட்டும் கையை வீசி நடக்கவேண்டும். இவர்களில் மூத்தவனே என்னைவிட ஐந்து வயது சின்னவன். ஒரு நாள் விட்டால் ஆறு பேருக்குப் பின்னால் போய்விடுவேன் என்று பயந்தேன். முதல் நாள் மட்டும் என்றுதான் எழுதினேன். மறுநாள் உண்மையை எழுதினால் முதல் நாள் பொய் தெரிந்துவிடுமே.

இருபத்தைந்தாம் தேதி வேக ஓட்டத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் உன்னுடைய அடுத்த கடிதமும் வந்தது. உனக்கும் அந்த ஒரு நிமிடம் இருந்தது என்று படித்ததும், ஏனோ தெரியவில்லை, கோபம் இறங்கிவிட்டது. சுவரில் இருந்த என் தாளைப் பிய்த்துக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனேன்.

"சார், இதுல இருக்கறது என்னோட நாடி இல்ல."

"பின்ன யாரோடது? வாடகைக்கு எடுத்தியா?"

"வீட்ல இருந்தப்ப எடுத்தது சார்."

"ஆறாம் நாளே தெரியும் எனக்கு."

"அப்ப ஏன் சார் கேக்கல?"

"கேட்டா மறுநாள் அம்பதுன்னு எழுதுவே. அதுவும் பொய்யாத்தான் இருக்கும். இந்த வாரத்துக்குள்ள நீயா வரலேன்னா மூட்டை கட்டி அனுப்பறதா இருந்தேன். ஒரு நாள்ல தப்பிச்சே."

தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. எட்டு நாள் ஓட்டமே கிடையாது, நடை மட்டும். கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து மற்றவர்களுக்கு நேரம் பார்க்கச் சொல்லிவிட்டார். தடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, இவர்கள் மெதுவோட்டத்தில் எவ்வளவு மெதுவாக ஓடுகிறார்கள் என்று. நான் அதையும் போட்டியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிஜ எண்கள்: 61, 58, 60. அழகாக இல்லை. அனுப்புகிறேன்.

தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபது. இவ்வளவு நல்ல எண்களைப் பார்த்து வெகுநாளாகிறது.

இப்போது என் முறை. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் விண்ணப்பத்தை நான் கிழிக்கவில்லை. போன மாதம் பதினெட்டாம் தேதியே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். உன் கையெழுத்தை நானே போட்டேன். வேறு தாளில் இரண்டு தடவை பழகிப் பார்த்துவிட்டுப் போட்டேன். அத்தான் பார்த்துவிட்டு, "அவன் போட்ட மாதிரியே இருக்கே?" என்றார். "அவன்தான் போட்டுட்டுப் போனான்" என்றேன்.

உனக்கு எண்ணைப் பற்றிப் பாடம் நடத்திய கடிதத்துக்கு மூன்றாவது நாள் இது. நீ பதில் எழுதாததால் பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் பதினெட்டாம் தேதி உன் பதில் வந்துசேர நேரமே ஆகியிருக்கவில்லை. நீ மலையில் தோற்றுத் திரும்பும்போது ஒரு வேலை தயாராக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அதாவது நீ தோற்பாய் என்று முடிவுகட்டிவிட்டேன். உன் எண்கள் பொய் என்றால், என்னுடையது அதைவிடப் பெரிய பொய்.

இன்று நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி. உன் பெயருக்கு வந்ததை நான்தான் பிரித்தேன், அதுவும் தவறு. என்ன செய்யவேண்டும் என்று நீ சொல். இந்தத் தடவை நான் எதுவும் செய்யமாட்டேன்.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். இந்தத் தடவை கோபம் காரணம் இல்லை, ஓட்டம். நேற்று முடிந்தது.

முதலில் உன் விஷயம். கடிதத்தை நெட்டையிடம் காட்டினேன், தப்பாக நினைக்காதே. "உங்க வீட்ல எல்லாருமே ஃபோர்ஜரியா?" என்றான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. நான் தோற்பேன் என்று முடிவுகட்டினாய் என்பது உறுத்தியது. ஆனால் அதை எழுதியே அனுப்பிவிட்டாயே, இனி நான் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

எட்டு நாள் நடைக்குப் பிறகு நாடி இறங்கியது. 54, 55, 51, 52. பிறகு வேனில் இடம் கிடைத்தது. நேற்று கீழே ஊரில் இருபது கிலோமீட்டர். பன்னிரண்டாவது கிலோமீட்டரில், எப்போதும் மூச்சு முட்டுகிற இடத்தில், பக்கத்தில் ஓடுகிறவனின் மூச்சு எனக்குக் கேட்டது, என்னுடையது கேட்கவில்லை. அப்படி நான் ஓடியதே இல்லை. என்னுடைய பழைய நேரத்தைவிட ஐம்பது விநாடி குறைவு.

ஐந்தாவதாக வந்தேன். நான்காவது நெட்டை. நடுவில் ஏழு விநாடி.

கோச் கூப்பிட்டார். அணியோடு ஒரு பதிலி வைத்துக்கொள்ளலாமாம். "நாலு பேரும் நல்லாயிருந்தா உனக்கு ஓட்டம் கிடையாது. அவங்க செய்யறதெல்லாம் நீயும் செய்யணும், கடைசியில பையைத் தூக்கிட்டு ஓரமா நிக்கணும். சம்மதமா? வீட்ல கேட்டுச் சொல்லு" என்றார். பெட்டியில் பூட்டியிருந்த என் போனைக்கூட எடுத்துக் கொடுத்தார்.

கேட்கவேண்டியதில்லை சார், இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு வரமாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிடு.

தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். வரவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். வாய் திறந்தது திறந்ததுதான், கையெழுத்து என்னுடையது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "மேடம், இத நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்றார். இருபத்துநான்கு வருடத்தில் எனக்கு முதல் மெமோ. விளக்கம் எழுத ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். அத்தானிடமும் சொன்னேன். அவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டாராம்.

ஏழு விநாடியை நினைத்து எனக்குத்தான் ஆறவில்லை, நீ ஆறிவிட்டாய் போலிருக்கிறது. ஐம்பது விநாடியைப் பற்றி யோசித்தேன். மலைதான் காரணமா, எட்டு நாள் ஓய்வு காரணமா என்று ஒரே ஆளை வைத்து யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது, அதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

பதிலி என்றால் கடைசி நிமிடம்வரை ஓடத் தயாராக இருக்கவேண்டும். அப்படியானால் நீ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. பதில் வரவில்லை என்றால் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா