முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லையாம்

வெங்காய பஜ்ஜி வாசனை இன்னும் என் புடவையை விட்டுப் போகவில்லை. தெருக்கோடி வீட்டம்மா புதிதாகப் பெரிய டிவி வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு படம் போட்டாள். பஜ்ஜியும் டீயும் அவள் உபயம். வந்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நீ இல்லை, தெரியும். இருந்தாலும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

மெதுவாக நகரும் படம். ஒரு வீடு, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. அவன் கை ஓங்குவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. அவள் சமைத்து வைத்துவிட்டு நகர்ந்ததும் குழம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுவான். அவள் பரிமாறியதும் ஒரு வாய் வைத்துவிட்டு, பரவாயில்லை, நீ களைத்திருக்கிறாய் என்பான். தினமும் இதேதான். போகப் போக அவள் உப்பு டப்பாவைத் தொடவே பயப்படுகிறாள்.

மற்றவர்களுக்குக் கொட்டாவி. முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை என்றாள் ஒருத்தி. சோறு போடுவதையே எவ்வளவு நேரம் காட்டுவான் என்றாள் இன்னொருத்தி. கடைசியில்தான் படமே ஆரம்பிக்கிறது என்று ஒரு தீர்ப்பு. கோடி வீட்டம்மா சொன்னதுதான் என்னைச் சுட்டது. "லாஜிக்கே இல்ல. தன் கையால போட்ட உப்பு தனக்குத் தெரியாதா? இப்படி ஒரு லூசுப் பொம்பளை எங்க இருப்பா?"

எங்கே இருப்பாளா? அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நீ இருந்தாய்.

உன் வீட்டில் உப்பு இல்லை, ஷிப்ட். நிலக்கரி மைன்ஸ் வேலைக்காரர் வீட்டில் சமையல், தூக்கம், கோயில் எல்லாமே ஷிப்டைப் பார்த்துத்தான். உன் வீட்டுக்காரர் அதில்தான் கை வைத்தார். இந்த வாரம் ஒருத்தரோடு மாற்றிக்கொண்டேன், நாளைக்கு முதல் ஷிப்ட் என்பார். நீ விடியுமுன் எழுந்து சோறு கட்டிவிட்டு எழுப்பினால், "ரெண்டாவது ஷிப்டுன்னுதானேம்மா சொன்னேன்" என்று சிரித்தபடி திரும்பிப் படுத்துக்கொள்வார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, பாவம் அவளுக்கு மறதி, நான்தான் அனுசரித்துப் போகிறேன் என்று உருகுவார். தெருவே உச்சுக்கொட்டியது. அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பட்டம் கட்டியவள் இந்தக் கோடி வீட்டம்மாதான். உனக்கு வல்லாரைக் கீரை கொண்டுவந்து கொடுத்து, வாரம் இரண்டு தரம் சாப்பிடு என்று புத்தி சொன்னவளும் அவள்தான்.

பலாத்தோப்பு ஊரான வடக்குத்தில் பிறந்தவள் நீ. குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்ததா இல்லையா என்று சொல்வாய். யார் வீட்டில் பழம் வாங்கினாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஒரு நாள் நான் கூப்பிட்டபோது தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே ஒருவாட்டி பாருங்கக்கா" என்று பின்வாங்கினாய். அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது.

என் வீட்டுக்காரரும் உன்னவரும் ஒரே ஷிப்ட் ஆட்கள். அந்த வாரம் உன்னவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டாரா என்று அவரிடம் கேட்டேன். அவன் யாரிடமும் மாற்றிக்கொள்ளவில்லையே என்றார். அப்படியே ஓடி வந்தேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு மறதி இல்லை, அந்த ஆள் வேண்டுமென்றே செய்கிறார் என்றேன். நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்கக்கா" என்றாய்.

அடுத்த வருஷம் உனக்கு நெஞ்சுக்குள் வலி. நீ எப்பவும் எதையாவது நினைத்துக்கொள்கிறாய் என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்தாராம். நான் ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். "நெசமாவே வலிக்குதா, வலிக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கனான்னு தெரியலக்கா" என்றாய். உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எல்லாம் கைமீறியிருந்தது.

படம் பார்த்த அன்று சாயங்காலம் தெரு வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்குக் கருத்து எழுதினார்கள். அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்த உன் வீட்டுக்காரரும் எழுதியிருந்தார். மெதுவான படம்தான், ஆனாலும் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று. அதற்குக் கீழே கோடி வீட்டம்மா, சார் பாவம், வீட்டம்மா நினைப்பு வந்திருக்கும் என்று கைகூப்பியிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷிப்டை மாற்றி மாற்றிச் சொல்லி ஒருத்தியின் புத்தியையே பிடுங்கிக்கொண்ட கதையை இதே தெருவில் பார்த்தோம், அப்போதும் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொன்னீர்கள் என்று எழுதி, உன் பெயரையும் அவர் பெயரையும் போட்டேன். உடனே கோடி வீட்டம்மா போன் செய்தாள். "செத்தவளை எதுக்கு இழுக்கிற? அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்?"

அவர் மனசாம்! போனை வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும். வம்பு என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர். அன்று போகவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி குரூப்பில் எழுதினார். "அந்த வாரம் அவர் யாரிடமும் ஷிப்ட் மாற்றவில்லை. நானும் அதே ஷிப்ட்."

உன்னவர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். கோபத்தை இறக்கி வை, உடம்புக்கு ஆகாது என்று எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். எப்படி இறக்கி வைப்பேன்? நான் இதை விட்டுவிட்டால், நீ மறதிக்காரியாகவே செத்துப்போனவள் ஆகிவிடுவாய். நீ எதையும் மறக்கவில்லை. உனக்கு நெசமாகவே வலித்தது.