முப்பத்தொரு மில்லிமீட்டர்

மட்டாஞ்சேரி

மகளே,

இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரின் நெஞ்சை எப்படி அடையாளம் தெரியாமல் அளந்தேன்?

நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் சி.டி. படங்களில் நுரையீரலுக்குப் போகும் தமனியின் அகலத்தை அளப்பது என் வேலை. படத்தில் பெயர் இருக்காது. சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றையும் இருமுறை அளப்போம். இன்று இரண்டாம் முறைக்கு வந்த ஒரு படத்தில் கோணலாகக் கூடிய விலா எலும்பைக் கண்டேன். தேவராவில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாரே உன் அப்பா, அந்த விலா.

ஜூனில் இதற்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் என்று குறித்திருக்கிறேன். அது மிக அதிகம்; நோய் முற்றினால்தான் தமனி அவ்வளவு விரியும். அப்போது அவர் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் இறந்துவிட்டார். இன்று அதே படத்தை அளந்தால் முப்பத்தொன்று வருகிறது. ஆவியை நான் நம்புவதில்லை. என் கையைத்தான் நம்ப முடியவில்லை.

சொல்லாவிட்டால் ஆய்வில் பொய்யளவு நிற்கும். சொன்னால், ஆளைத் தெரிந்தவர் அளக்கக் கூடாதென்று படத்தை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள்.

இனி வருவது மறுநாள் எழுதியது. கூட வேலை செய்யும் ஷீஜாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயோ சேச்சி, இத இனி நீங்க அளக்கண்டா" என்று படத்தைத் தன் பட்டியலுக்கு மாற்றினாள். பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "ஒருக்கா பாத்துக்கோங்க. நான் சாயா குடிச்சிட்டு மெல்ல வரேன்."

அவள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா