கொரியாவில் ஒரு பாண்டவர் வூடு

என் தலை இடித்துவிடாமல் கை வைத்துக் காத்த அக்காவுக்கு,

பொம்மிடியிலிருந்துதான் எழுதுகிறேன். சீனாவோடு சண்டை மூண்டதும் கோபேயில் எங்கள் சேட்டு கடையை மூடிவிட்டார். ஜப்பானில் இனி வேலையில்லை என்று கப்பல் ஏறி வந்துவிட்டேன். இப்போது ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

மாமா இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கடைக்கு வருகிறார். உன் வீட்டுக்காரரைப் பற்றி உனக்குத் தெரியாதா, வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "பொறந்த வூட்டுக் கோடி இல்லாமத்தான் அவள எடுத்தோம். அவளுக்குப் பொறந்த வூடுன்னா நீ ஒருத்தன்தான். எப்ப வந்து போத்தற?" என்பார். "வரேங்க மாமா" என்பேன்.

கோடிச் சேலை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தாயிற்று. அரக்கு நிறம், சின்னக் கரை. நீ வாக்கப்பட்ட இண்டூர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? அவ்வளவு தூரம் போய்வந்த காலுக்கு, உன்னை அடக்கம் செய்த காட்டுக்கு வர மட்டும் முடியவில்லை.

"தந்தி வந்தப்ப என்னப்பா பண்ணுன?" என்று ஊரில் கேட்கிறார்கள். "கொரியாவச் சுத்திப் பாத்தேங்க" என்கிறேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீயாவது முழுசாகக் கேள்.

உனக்கு மலைக்காய்ச்சல், எல்லாம் முடிந்துவிட்டது என்று தந்தி வந்தபோது உன்னை எடுத்து முடித்திருந்தார்கள். உடனே கிளம்பினாலும் கப்பலிலேயே ஒரு மாதம் போய்விடும். நான் அழவில்லை. மூட்டைகளுக்கு மையால் நம்பர் போட்டுக்கொண்டே இருந்தேன். சேட்டு வந்து குச்சியைக் கையிலிருந்து வாங்கி வைத்தார். நீ இப்படி நிற்பதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது, எங்கேயாவது போய் நாலு இடம் பார்த்துவிட்டு வா என்று தன் இந்துஸ்தானியில் சொல்லி அனுப்பிவிட்டார். துறைமுகத்தில் எனக்கு முன்னால் நின்றவன் எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினானோ அதையே நானும் வாங்கினேன். அது கொரியாவுக்குப் போகிற கப்பல்.

அந்த நாடும் ஜப்பான்காரன் கையில்தான் இருக்கிறது. தலைநகரில் அரண்மனை பார்த்தேன். பச்சையும் சிவப்புமாக வர்ணம் தீட்டிய கூரை இறவாரம், அகலமான கல் முற்றம், ராஜா மட்டும் இல்லை. அரண்மனைக்கு நேர் முன்னால் ஜப்பான்காரர்கள் தங்கள் சர்க்கார் கச்சேரியைக் கட்டி மறைத்துவிட்டார்கள். புத்தர் கோயிலுக்குப் போனேன், மணியடித்தார்கள், கேட்டேன். ஏதாவது தோன்றியதா என்று மட்டும் கேட்காதே. எல்லாவற்றையும் பார்த்தேன், அவ்வளவுதான். அங்கே ஆணும் பெண்ணும் வெள்ளைதான் உடுத்துகிறார்கள். தெருவே உனக்குத் துக்கம் காப்பது போல இருந்தது. நான் ஒருவன்தான் காக்கிக் கோட்டு.

கோயில் இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு தீவுக்குப் படகில் போனேன். அங்கே ஒரு தினைக்காட்டு ஓரத்தில் அது நின்றது, அக்கா. இரண்டு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு பெரிய கல் மூடி. மூடியின் மேல் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். நம் மலையில் ஆடு மேய்க்கப் போகும்போது மழைக்கு ஒதுங்குவோமே, அச்சு அசல் அதே.

நினைவிருக்கிறதா? நம்மோடு ஆடு ஓட்டி வந்த பெரியவர் அதை மாண்டவங்க வூடு என்று சொல்லப்போய், நான் உள்ளே வரமாட்டேன் என்று மழையில் நின்று அழுதேன். நீதான் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"மாண்டவங்க இல்லடா, பாண்டவங்க. வனவாசம் வந்தப்ப மழைக்கு ஒதுங்கக் கட்டுன வூடு. உள்ள வந்து குந்து."

"அப்ப அவரு ஏன் மாண்டவங்கன்னாரு?"

"பல்லுப் போன வாயி. பாண்டவங்கன்னு சொல்ல வருமா?"

நான் நம்பிவிட்டேன். மூடிக்கல்லின் விளிம்பில் உன் உள்ளங்கையை வைத்துக்கொள்வாய். நான் குனிய மறந்தாலும் உன் கைதான் இடிபடும்.

தினை அறுத்துக்கொண்டிருந்த குடியானவர் ஒருவர் அரிவாளோடு வந்தார். இது யார் வீடு என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு ஜப்பானியத்தில் கேட்டேன். பாண்டவர்கள் இவ்வளவு தூரமா வந்தார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வயசானவனுக்கு வந்த யோசனையைப் பார்.

அவரும் தட்டுத்தடுமாறித்தான் பேசினார். "வீடு இல்லை. சமாதி. ரொம்பப் பழசு" என்றார்.

நான் விடவில்லை. "எங்கள் ஊரிலும் இருக்கிறது. அது வீடு" என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். வீடுதான் என்று மறுபடியும் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம், அவருடைய காட்டிலேயே நின்று சண்டை பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்கள் வீட்டில் யார்?" என்று கேட்டார்.

"அக்கா" என்றேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கல்லுக்கடியில் அடுக்கியிருந்த தினைக்கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் பழைய பழக்கத்தில் குனியாமல் நுழைந்தேன். மண்டை நங்கென்று இடித்தது. வலி பொறுக்க முடியவில்லை. அந்த நாட்டில் எனக்கு உறைத்தது அது ஒன்றுதான். அப்போதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

நம்மோடு ஆடு ஓட்டி வந்த பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று கொரியாவுக்குப் போய்த் தெரிந்துகொண்டேன். உனக்கு அப்போதே தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டேதான் அந்த இருட்டுக்குள் நீ முதலில் போய் உட்கார்ந்தாயா? உனக்குப் பயமாக இல்லையா, அக்கா?

நேற்று மாமா மறுபடியும் வந்தார். சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார். "அவ எங்க இருக்கறான்னு உனக்குத் தெரியாதில்ல, நான் கூட வரேன்" என்றார். எனக்குத் தெரியும், அவங்க வூடுதானே என்று சொல்ல வந்தேன். எவங்க வூடு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. அப்படியும் அந்த முதல் எழுத்து வரவில்லை.

காலையில் மாமாவோடு வருகிறேன். கோடி போர்த்துகிறேன். உன் கை இருக்காது என்பதால் குனிந்தே வருகிறேன். வந்து நின்று அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுகிறேன். ப இல்லை அக்கா, ம.

உனக்குப் பிறந்த வூடாக மிச்சமிருக்கிற
உன் தம்பி