அடித்துப் போட்ட வரி

1927 ஆகஸ்ட் 28, ஞாயிறு.

மூன்று மழைப் பருவங்கள் சாக்கோட்டைக் கிணற்றோரப் பனையடியில் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை இன்று வாசகசாலையில் படித்தேன். தூக்கணாங்குருவிகளில் ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடுகிறது. பெட்டை உள்ளே நுழைந்து கூட்டின் நார்களை இழுத்துப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடுகிறது. ஓலைகளில் வண்ண நூல் கட்டி, எந்தக் கூடு தள்ளப்பட்டது என்று தினமும் குறித்திருந்தேன்.

மதுரையிலிருந்து வந்த கல்லூரிப் பேராசிரியர் பாதியில் நிறுத்தினார்.

"வாத்தியாரய்யா, பெட்டை தேர்ந்தெடுக்குதுங்கிறதைச் சீமையில பெரிய ஆளுகளே ஒத்துக்கிறதில்லை. நீங்க எங்குட்டுப் பாத்தீக? நம்ம வீட்டுல பொண்ணைக் கேட்டா மாப்பிள்ளை பாக்குறோம்?"

"கேட்டிருந்தா இங்க பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆயிருக்காது!" என்றார் பின்வரிசையில் ஒருவர். சபை சிரித்தது. பெட்டையே தேர்ந்தெடுக்கிறது என்ற என் வரியைப் பேராசிரியர் அடித்துவிட்டு, வலிய ஆண் வெல்கிறது என்று எழுதினார். அவர் நடத்தும் பத்திரிகையில் அப்படியே அச்சாகுமாம்.

அந்த மனிதர் ஒரு நாளாவது அந்த மரத்தடியில் நின்றிருப்பாரா? பெட்டை தள்ளிய கூட்டை ஆணே பிய்த்துப் போட்டதைப் பார்த்தேனே, அது யாரோடு சண்டையிட்டுத் தோற்றது? என் கண்தான் தவறோ என்று குறிப்புகளை இரண்டு முறை சரிபார்த்தேன். தவறில்லை.

அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். "நீங்க சொன்னாச் சரிதான்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவன்.

நாளைத் தபாலில் அது போய்விடும். அதற்குள் அவரிடம் போய்த் திருப்பிக் கேட்க வேண்டும். ஐயா, என் கட்டுரையைக் கொடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இதையே நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.