மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் ரோச்சுக்கு அம்மா செலஸ்தீனா எழுதுவது. மாதா காவலில் நாங்கள் இங்கே சுகம். ஓமானில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறேன். உச்சி வெயிலில் படகின் மேல்தட்டில் நிற்காதே. நின்றே ஆக வேண்டும் என்றால் தலையில் துண்டு போட்டுக்கொள்.

போனில் பேசாமல் கிழவி ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் மனைவி ஜாய்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைக்கிறாள். உன் பக்கத்திலோ உன் படகை ஓட்டுகிற நம் சம்பந்தி வஸ்தியான் செராங் எந்நேரமும் இருக்கிறார். இரண்டு பக்கமும் காது இருக்கும்போது நான் என்ன பேச? அதனால் எதிர்வீட்டு ஜெபசுதா டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் எழுதுவதை அவள் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் நாசரேத்துக்காரி, நம் சபை இல்லை, சி.எஸ்.ஐ. வேதக்கோயிலுக்குப் போகிறவள். நம் பங்குக் கோயிலில் போய்ச் சொல்ல அவளுக்கு ஆள் கிடையாது. வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்தாள். வாசித்தால்தான் என்ன, பிழை திருத்தாமல் இருந்தால் சரி.

முதலில் நல்ல செய்தி. இன்றைக்குப் பூசை முடிவில் நம் ரீனாவின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள், இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் தாலிதான். உபதேசியார் வழக்கம்போல மூக்கால்தான் வாசித்தார். ஆனாலும் உன் பெயரும் ஜாய்ஸ் பெயரும் சொல்லி, மகள் ரீனா என்று வாசித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியதாழை வஸ்தியான் மகன் டிக்சன் என்று மாப்பிள்ளை பெயரும் சொல்லி, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தார். ரீனா அந்தப் பூசைக்கு வரவில்லை. தன் ஓலையைப் பெண் தன் காதால் கேட்கக் கூடாது என்பது நம் தெரு வழக்கமாயிற்றே. விடியற்காலைப் பூசைக்கே பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். ஜாய்ஸ் வாசலில் நின்று எல்லாருக்கும் மக்ரூன் கொடுத்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மார்க்கெட்டில் நல்ல மீன் இல்லை. ஓலை வாசித்த நாளும் அதுவுமாக வீட்டில் முட்டைக் குழம்பு.

இனி வருத்தம். ரீனா கிளியரிங் ஏஜெண்டு ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். கல்யாண வேலை இருக்கிறது, அதனால் விட்டாள் என்று ஜாய்ஸ் உன்னிடம் சொல்லியிருப்பாள். அது இல்லை. டிக்சன் விடச் சொன்னான், விட்டாள். அந்த ஆபீசில் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களாம். துறைமுகத்து ஆபீசில் ஆண்பிள்ளைகள் இல்லாமல் கன்னியாஸ்திரிகளா இருப்பார்கள்? அவள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் ஜாய்ஸ் போனில் கூப்பிட்டு, எங்கே போனாள், யாரோடு போனாள் என்று கேட்கிறான். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று ஜாய்ஸ் பூரித்துப் போகிறாள்.

போன வாரம் அவன் பெரியதாழையிலிருந்து வந்து ரீனாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். அவள் ஸ்கூட்டரில்தான் போனார்கள். அன்றையிலிருந்து இந்த வேகாத வெயிலில் பிள்ளை முழுக்கைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு உலாத்துகிறாள். கேட்டால் வண்டியிலிருந்து விழுந்துவிட்டாளாம். நான் இறங்கிப் போய் அந்த ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. செபமாலையில் கடைசிப் பத்துமணியை எப்போதும் ரீனாதான் சொல்லுவாள். இப்போது தொண்டை சரியில்லை என்கிறாள்.

ரோச், நீ அவளைத் தனியாகக் கூப்பிடு. அம்மா எழுதினாள் என்று சொல்லாதே. உனக்கு இந்தக் கல்யாணம் சம்மதமா என்று அப்பன் வாயால் ஒரு தடவை கேள். அவள் ஆமாம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

காவல் சம்மனசு உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அம்மா

* * *

தூத்துக்குடி
திங்கள் காலை

மகன் ரோச்சுக்கு,

என் காகிதத்தை நீ வாசித்துவிட்டாய். புளூ டிக் விழுந்துவிட்டது என்று டீச்சர் அன்றைக்கே சொன்னாள். நீ ரீனாவைக் கூப்பிடுவாய் என்று நான் காத்திருந்தேன். நீயோ ஜாய்ஸைக் கூப்பிட்டாய். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அம்மாவைச் சும்மா கெடக்கச் சொல்லு, வயசுப் பிள்ளைகன்னா நாலும் இருக்கும், செராங் காதுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிக்க வேண்டாமா என்று நீ சொன்னதை நானும் கேட்டேன், ரீனாவும் கேட்டாள். அவள் அப்போது அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

புதன்கிழமை அவளைப் பிடித்து உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் விடவில்லை. இடது மேல்கையில் நாலு விரலும் அப்படியே பதிந்து கன்றிப் போயிருக்கிறது. பெருவிரல் தனியாக மறுபக்கம். எந்த ஸ்கூட்டருக்கு விரல் இருக்கிறது? கடற்கரையில் பழைய ஆபீஸ்காரப் பையன் ஒருவன் இவளைப் பார்த்துக் கை காட்டினானாம். இவளும் கை காட்டினாளாம். அவ்வளவுதான் நடந்தது.

நிறுத்திவிடுவோம் ஏளா என்று நான் சொன்னேன். அதற்கு அவள், அப்பா வேலை செராங் மாமா கையில இருக்கு ஆச்சி, ஓலையும் வாசிச்சாச்சு, இனி நின்னா என்னைய யாரு கேப்பா என்றாள். தலை முழுக்க எண்ணெயோடு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். என் சேலையெல்லாம் எண்ணெய்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் இடது கை முழங்கைக்குக் கீழே நேராக நீளாது. சின்ன வயதில் நீ அதைப் பிடித்து இழுத்து விளையாடுவாய். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்கும் சொன்னேன், ஊருக்கும் சொன்னேன். நம் பழைய வீட்டுக் கிணற்றடி உனக்கு நினைவிருக்கும். அது மணல் தரை. அங்கே யாரும் வழுக்கி விழ முடியாது. உன் அப்பா செத்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. அவருக்காக மாதாமாதம் பூசை வைக்கிறேன், இனியும் வைப்பேன். ஆனால் ஸ்கூட்டரில் விழுந்தேன் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்கு என் குரலே கேட்டது.

பங்குச்சாமியிடமும் போனேன். சின்ன வயதுச் சாமிதான், ஆனாலும் என்னை உட்கார வைத்துக் கேட்டார். ஓலை எழுத வந்தப்ப பொண்ணு செப மந்திரமெல்லாம் தடுமாறாமச் சொன்னா, சம்மதமான்னு தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன், சம்மதம்னு அவ வாயாலதான் சொன்னா, இனி அவளே வந்து இல்லைன்னு சொல்லணும் பாட்டி என்றார். ரீனாவிடம் சொன்னேன். அவள் வர மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

நேற்று இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. ரீனா அதிகாலையிலேயே பெரிய கோயிலுக்குப் போய்விட்டாள். நான் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். இந்தத் தடவை கண் நிறையவில்லை. வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் என்று உபதேசியார் வாயில் வரும்போது நான் எழுந்து நிற்கப் போகிறேன். நம் கோயிலில் அப்படி எழுந்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், சொல்லட்டும். என் கவலை மூட்டுவலிதான். ஜாய்ஸ் தோளைப் பிடிக்காமல் என்னால் எழ முடியாது. அவளோ நான் சொன்னதைக் கேட்டதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மாமி, எம் பிள்ளையக் கரையேற விட மாட்டீங்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவளுக்கும் பயம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நீ அதற்குள் ஒரு போன் போட்டு நிறுத்திவிட்டால் நான் எழ வேண்டியதில்லை. உன் வேலைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

மாதா உனக்கு நல்ல யோசனை தரட்டும்.

அம்மா

* * *

தூத்துக்குடி
ஞாயிறு சாயங்காலம்

என் மகன் ரோச்சுக்கு,

இரண்டாவது காகிதத்துக்கும் புளூ டிக் விழுந்தது. வாரம் முழுவதும் போன் வரவில்லை. கடலில் சிக்னல் இல்லை என்று ஜாய்ஸ் சொன்னாள். துறைமுகத்துக்குள்ளேயே சுற்றுகிற படகுக்கு எங்கே சிக்னல் போகும் என்று நான் கேட்கவில்லை.

உனக்கு இதற்குள் வஸ்தியான் செராங் வாயால் செய்தி வந்திருக்கும். அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன்.

இன்று காலை ரீனா வழக்கம்போலப் பெரிய கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகும்போது என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். எப்போதும் நான்தான் அவளுக்குப் போடுவேன். அவசரத்தில் நான் அதை யோசிக்கவில்லை. நானும் ஜாய்ஸும் நம் கோயிலுக்குப் போனோம். டிக்சனும் அவன் அம்மாவும் பெரியதாழையிலிருந்து காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் ஓலை முடிந்ததும் நம் வீட்டில் சாப்பாடு, அதற்காக ஜாய்ஸ் ஆட்டுக்கறி எடுத்து வைத்திருந்தாள்.

பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. நற்கருணை நன்மை வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உபதேசியார் ஓலையை எடுத்தார். ஒன்றாம் ஓலை, இரண்டாம் ஓலை என்று வேறு பிள்ளைகளுக்கு வாசித்தார். கடைசியில் ரீனா பெயர். தடை ஏதும் அறிந்தவர்கள் என்றதும் நான் ஜாய்ஸ் தோளைப் பிடித்தேன். அவள் என் கையின் மேல் கையை வைத்து அழுத்தினாள். மாமி வேண்டாம், உங்க காலைப் பிடிக்கேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் பாதி எழுந்தவள் அப்படியே நிற்கிறேன். வாரம் முழுக்க நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை ரோச். உபதேசியார் என்னைப் பார்த்துவிட்டு, வயதானவள் ஏதோ முடியாமல் எழுகிறாள் என்று அடுத்த அறிவிப்புக்குப் போகப் பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது. சாமி, எனக்குத் தடை இருக்கு.

நம் ரீனா. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பெரிய கோயிலுக்குப் போகவே இல்லை. தன் ஓலையைக் கேட்கத் தானே வந்து நிற்கிறாள். தலையில் முக்காடு, அரைக்கைச் சட்டை. காயம் இப்போது மஞ்சளாகிவிட்டது, ஆனாலும் தெரிகிறது. கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சம்மதம் இல்ல, அன்னைக்குப் பயந்து போய்ச் சம்மதம்னு சொன்னேன், இன்னைக்குச் சொல்லுதேன், இல்ல என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பங்குச்சாமி பீடத்திலிருந்து இறங்கி வந்தார். இந்த ஓலை இத்தோடு நிற்கிறது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். என் கையை அழுத்திக்கொண்டிருந்த ஜாய்ஸின் கை எப்போது எடுபட்டது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவள் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடுகிறாள். பிள்ளையை அடித்துவிடுவாளோ என்று பயந்துபோனேன். அவள் போய்த் தன் சேலைத் தலைப்பால் அந்தக் கையை மூடி, ரீனாவை அணைத்துக்கொண்டு வெளியே கூட்டிப் போனாள். அவளை ஒன்றும் சொல்லிவிடாதே. நான் பிடித்திருந்த தோள் நல்ல தோள்.

டிக்சனும் அவன் அம்மாவும் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இந்த மாசத்துலேயே ரோச் மூட்டை கட்டிக்கிட்டு வந்து எறங்குவான், பாத்துக்கிடுங்க என்று டிக்சன் தெருவே கேட்கச் சொன்னான். நிச்சய மோதிரத்தை ரீனா கழற்றி அவன் அம்மா கையில் கொடுத்தாள். மோதிரத்தை வாங்கும்போது அந்த அம்மா ரீனாவின் மேல்கையைப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவளை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

உன்னை அனுப்பிவிட்டால் வந்துவிடு. தடைக்காலம் முடியப் போகிறது, எந்தப் படகிலும் உனக்கு இடம் கிடைக்கும். கஞ்சி குடித்து வளர்ந்தவன்தானே நீ. ரீனா நாளைக்கே பழைய ஆபீசுக்குப் போய்க் கேட்கப் போகிறாள். ஊர் நாலு நாள் பேசும். பிறகு அவர்களுக்குப் பேச வேறு யாராவது கிடைப்பார்கள்.

ஒன்றே ஒன்றுதான் என் மனதை அறுக்கிறது. ஆட்டுக்கறி சட்டியோடு இருக்கிறது. பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. போனை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா வேலையப் போக்கிட்டேன், அப்பா இனி எங்கிட்ட பேச மாட்டாரு ஆச்சி என்கிறாள். பேசுவான் என்று நான் சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ சரி என்றும் சொல்ல வேண்டாம், தப்பு என்றும் சொல்ல வேண்டாம். செராங்கைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். சாப்பிட்டியா ஏளா என்று மட்டும் கேள்.

டீச்சர் போனை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இதை அவளிடம் கொடுத்துவிட்டு நான் ரீனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். புளூ டிக் விழுந்ததும் ஜன்னல் வழியாகக் கை காட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ரீனா மடியில் இருக்கிற போன் அடிக்க வேண்டும் ரோச்.

உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன்.

உன் அம்மா
செலஸ்தீனா